உறவுநிலைத் தரவுத்தளங்களின் அளவு வரம்புகள்

உறவுநிலைத் தரவுத்தளத்தின் அளவு வரம்பு என்பது ஒரு தரவுத்தளத்திலோ அதன் அட்டவணையிலோ சேமிக்கக்கூடிய தரவின் உச்ச அளவு ஆகும். இது கோட்பாட்டு வரம்பு, நடைமுறை வரம்பு என இருவகைப்படும். 1970 இல் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலை மாதிரி, அட்டவணையின் அளவுக்கு எல்லை எதையும் விதிக்கவில்லை. எல்லைகள் மென்பொருள், வன்பொருள் ஆகியவற்றின் அமைப்பால் எழுபவை.

கோட்பாட்டு வரம்பு

தரவுத்தள மென்பொருள் தரவைப் பக்கங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடுகிறது. பக்கத்தின் அளவும் அவ்வெண்ணின் நீளமும் வரம்பை முடிவு செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் பக்க எண் 32 பிட்டு, இயல்பான பக்கம் 8 கிலோபைட்டு ஆகும். ஆகவே ஓர் அட்டவணை 32 டெராபைட்டு வரை வளரலாம். எஸ்கியூலைட் கோப்பின் வரம்பு ஏறத்தாழ 281 டெராபைட்டு. அதனை எட்டக்கூடிய வன்பொருள் தம்மிடம் இல்லாமையால் இவ்வரம்பு சோதிக்கப்படவில்லை என அதன் உருவாக்குநர்களே ஆவணத்தில் குறிப்பிட்டுள்ளனர்.

எண் புலங்களுக்கும் வரம்பு உண்டு. குறியுடைய 32 பிட்டு முழுஎண்ணின் உச்சம் 2,147,483,647 ஆகும். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 121 கோடியாக இருந்த இந்திய மக்களுக்கு வரிசை எண் இட இது போதும். ஆனால் 12 இலக்க ஆதார் எண் இதில் அடங்காது.

நடைமுறை வரம்பு

எடுத்துக்காட்டாக, ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், கர்நாடக எல்லையைக் கடக்கும் வண்டிகளுள் நாளொன்றுக்கு 10,000 வண்டிகள் 32 பிட்டு வரிசை எண்ணுடன் பதிவு செய்யப்படுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 36.5 இலட்சம் பதிவுகள் சேரும். வரிசை எண் தீர ஏறத்தாழ 588 ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு பதிவு 200 பைட்டு எனில், 2 கிகாபைட்டு வரம்புடைய மைக்ரோசாப்ட் அக்சஸ் கோப்பு மூன்று ஆண்டுகளுக்குள் நிரம்பிவிடும். ஒவ்வொரு பதிவுடனும் 100 கிலோபைட்டு ஒளிப்படம் சேர்ந்தால் இரண்டே நாட்களில் நிரம்பும்.

பெரிய மென்பொருள்களில் காலமே தடையாகிறது. 32 டெராபைட்டுத் தரவை நொடிக்கு 200 மெகாபைட்டு வேகத்தில் காப்புநகலிலிருந்து மீட்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் தேவை. அதுவரை பணி நின்றுவிடக்கூடும். மேலும், சுட்டுப்பட்டியல் நினைவகத்தில் அடங்காதபோது தேடலும் மெதுவாகிறது. எனவே ஒரு நிறுவனம் எவ்வளவு நேரம் காத்திருக்க இயலும் என்பதைப் பொறுத்தே நடைமுறை வரம்பு அமைகிறது.

வரம்பைக் கையாளுதல்

அட்டவணையை ஆண்டுவாரியாகப் பிரித்தல், பழைய பதிவுகளைத் தனியே ஆவணப்படுத்தல், ஒளிப்படங்களைக் கோப்புகளாக வைத்து அவற்றின் முகவரியை மட்டும் அட்டவணையில் சேமித்தல் ஆகியவை பொதுவான வழிமுறைகளாகும்.