விலையைக் கூட்டினால் இலாபம் கூடுமா?

கேள்வி, நிரம்பல் என்ற இரு சொற்களையும் பாடசாலையில் வர்த்தகம் படித்த அனைவரும் அறிவார்கள். விலை கூடினால் வாங்குவது குறையும், விற்பனைக்கு வருவது கூடும். ஆனால் எவ்வளவு குறையும், எவ்வளவு கூடும் என்பதில்தான் வியாபாரியின் இலாபமும் நட்டமும் தங்கியுள்ளன. அந்த அளவுக்குப் பெயர் நெகிழ்ச்சி. ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கடை நடத்துவோர் இதை விளங்கிக்கொள்ளத் தமது கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாலே போதும்.

கேள்வி நெகிழ்ச்சி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 85 ரூபா கொள்விலையுள்ள ஒரு பிஸ்கட் பக்கற்றை 100 ரூபாவுக்கு விற்கிறீர்கள். மாதம் 200 பக்கற் போகிறது. இலாபம் 3,000 ரூபா. விலையை 110 ஆக்குகிறீர்கள். பக்கத்துக் கடைகள் பழைய விலையிலேயே விற்பதால் உங்களிடம் 80 பக்கற்தான் போகிறது. இலாபம் 2,000 ரூபாவாக இறங்கிவிட்டது. விலை நூற்றுக்கு 10 வீதம் கூடியது, விற்பனை 60 வீதம் குறைந்தது. 60ஐ 10ஆல் பிரித்தால் 6. இதுவே நெகிழ்ச்சி. விடை 1ஐ விடக் கூடினால் அது நெகிழ்ச்சியுள்ள கேள்வி.

அதே கொள்விலை, அதே விற்பனை விலையில் உப்பை வைத்துக்கொள்வோம். தட்டுப்பாட்டு நேரத்தில் எல்லாக் கடைகளும் 110 ஆக்கினால் 200 பக்கற் 196 ஆகலாம். விற்பனை 2 வீதமே குறைந்தது. நெகிழ்ச்சி 0.2. பழைய சரக்கை வைத்திருப்பவருக்கு இலாபம் 4,900 ரூபா. 2025 மே மாதத்தில் இதை நாடே கண்டது. மழையால் உப்பளங்களின் விளைச்சல் கெட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்க வேண்டி வந்தது. விலை பல மடங்கு ஏறியும் எந்த வீட்டிலும் உப்பில்லாமல் கறி சமைக்கவில்லை.

மாற்றுப் பொருள் உண்டா, அத்தியாவசியமா, குடும்ப வருமானத்தில் எவ்வளவை விழுங்குகிறது, மாறிக்கொள்ள அவகாசம் இருக்கிறதா என்ற நான்கையும் பார்த்தால் ஒரு பொருளின் தன்மை விளங்கும். 400 கிராம் பால்மா பக்கற் 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதும் 380 ரூபாவிலிருந்து 480 ஆனது. 2022 மார்ச்சில் 790 ஆனது. லயங்களில் பல குடும்பங்கள் பால் தேநீரை விட்டுச் சாயத்துக்கு மாறின. கோதுமை மாவும் அக்காலத்தில் கடுமையாக ஏறியது. ஆனால் காலையில் மலைக்குப் போகிறவருக்கு ரொட்டி வேண்டும். அரிசியும் மலிவாக இருக்கவில்லை. அவர்கள் மாவைக் குறைக்காமல் மற்றச் செலவுகளைக் குறைத்தார்கள். ஆகவே மா விலை ஏறும்போது சவர்க்காரம், பிஸ்கட், உடுபுடவை விற்பவரின் கல்லாவும் மெலியும்.

நிரம்பல் நெகிழ்ச்சி

இனி விற்க வரும் பக்கத்தைப் பார்ப்போம். தேயிலைக் கன்று நட்டால் முழுமையாகக் கொழுந்து பறிக்க மூன்று, நான்கு வருடங்கள் ஆகும். பறித்த கொழுந்தை அன்றே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். எனவே விலை ஏறியவுடன் விளைச்சலைக் கூட்ட வழியில்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனாக வீழ்ந்தது. கொழும்பு ஏலத்தில் சராசரி விலையோ கிலோ 620 ரூபா அளவிலிருந்து 1,200 ரூபாவைத் தாண்டியது. ரூபாவின் வீழ்ச்சியும் இதற்குப் பெரிய காரணம். விலை இரட்டித்தும் கொழுந்து கூடவில்லை. இதுவே நெகிழ்ச்சி குறைந்த நிரம்பல்.

தோட்டப்பகுதி வியாபாரி இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏலத்தில் விலை இரட்டித்தபோது தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாவிலேயே நின்றது. 2024 செப்டெம்பரில்தான் அது 1,350 ஆனது. தேயிலை விலை ஏறுகிறதென்று கேள்விப்பட்டுச் சரக்கை நிறைப்பவர், 10ஆம் திகதி அந்தக் கையில் எவ்வளவு வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மரக்கறி வேறு விதம். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தாண்டியது. தோட்டங்களுக்கு இரவுக்காவல் போட்டார்கள். ஆனால் கரட் மூன்று, நான்கு மாதப் பயிர். விலையைப் பார்த்து எல்லோரும் விதைத்தால் விளைச்சல் ஒன்றாக வந்து சேரும். அந்த விலையும் சில மாதங்களுக்குள் இறங்கிவிட்டது. உச்ச விலையை நம்பி முற்பணம் கொடுத்துப் பெருமளவில் பேசிக்கொள்பவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

நமது பொறுப்பு

மதீனாவில் விலைகள் ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே என்றும், எவருக்கும் அநீதி இழைக்காத நிலையில் அவனைச் சந்திக்க விரும்புவதாகவும் கூறினார்கள். அனஸ் (ரழி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உள்ளது. அதேவேளை, பதுக்குபவன் பாவி என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்ள வேண்டும். சந்தை விலைக்கு விற்பது ஹலால். சரக்கை மறைத்து விலையை ஏற்றுவது ஹராம்.

பதுக்கலில் இலாபம் வருவது உப்பு, மா, பருப்பு போன்ற நெகிழ்ச்சி குறைந்த பொருட்களில்தான். வாங்குபவருக்கு வேறு வழியில்லை என்பதுதான் அந்த இலாபத்தின் ஊற்று. கடன் கொப்பியோடு நமது கடைக்கே வந்தாக வேண்டிய தோட்டத்து மனிதரின் விடயத்தில் இந்தப் பயம் இரட்டிப்பாக இருக்க வேண்டும்.

இன்றே ஒரு கொப்பியில் உங்கள் கடையின் இருபது பொருட்களை எழுதுங்கள். விலை மாறும் ஒவ்வொரு முறையும், மாற்றத்துக்கு முந்திய மாதமும் பிந்திய மாதமும் போன அளவைக் குறியுங்கள். நெகிழ்ச்சி கூடிய பொருளில் விலையைச் சிறிது குறைத்துப் பாருங்கள், விற்பனை பெருகும். நெகிழ்ச்சி குறைந்த பொருளில் நியாயமான இலாபத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெருக்கடியில் நியாயமாக நடந்த கடையை மக்கள் மறப்பதில்லை. பரக்கத்தைத் தருபவன் அல்லாஹ்.