வளர்ந்தோரும் உளவைத்தியமும்

நோயை மட்டுமன்றி அதன் முதலையும் ஆராய்ந்தே வைத்தியஞ் செய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் உணர்த்தும் நெறியாகும். இந்நெறி தவறியவிடத்து விளையுந் துன்பத்தை, நரம்பு விருத்தி வேறுபாடுடைய வளர்ந்தோர் உளவைத்தியத்தை நாடும்போது தெளிவாகக் காணலாம்.

ஓட்டிசம், கவனக்குறைவோடு கூடிய மிகையியக்கம் என்பன இவ்வகையின. இவை இடையில் வந்துற்ற நோய்கள் அல்ல. மூளை விருத்தியோடு இளமையிலேயே அமைவன. ஓட்டிசத்தை லியோ கானர் 1943 இல் விவரித்தார். ஒரு சில சிறுவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட அதன் பரப்பை, லோர்னா விங் 1981 இல் எழுதிய கட்டுரை விரித்துக் காட்டிற்று. ஆகவே, இன்று நடுவயதினராயுள்ள பலர் தம் இளமையிற் பிடிவாதக்காரர் என்றும் சோம்பேறிகள் என்றும் பெயர் பெற்றனரேயன்றி, உள்ளவாறு அறியப்பட்டாரல்லர்.

கொழும்பிற் சிறுவர்க்குப் பொறளைச் சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலை உண்டு. வளர்ந்தோர்க்கோ பொது உளவைத்தியமே புகலிடம். அங்கொடையில் 1926 இல் அமைந்த மனநோய் வைத்தியசாலை, 2008 முதல் தேசிய மனநல நிறுவகமாக விளங்குகின்றது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஓர் இளைஞன் உறக்கமின்றிச் சோர்வுற்று வைத்தியரை நாடுகின்றான் எனக் கொள்வோம். காத்திருக்குங் கூடத்தின் இரைச்சலே அவனை வருத்துகின்றது. “வீட்டிற் பிரச்சினை உண்டா?” என வினவினால், “குழாயில் நீர் ஒழுகுகின்றது” என்கின்றான். முகம் நோக்கிப் பேசானாகின்றான். தமிழ் 1987 முதல் அரசகரும மொழியாயினும், வைத்தியர் தமிழறியாதவராயின் உடன்வந்த உறவினரே அவனுக்காகப் பேசுகின்றார். சோர்வுக்கு மருந்து கிடைக்கின்றது. சோர்வின் வேர் வினவப்படவில்லை. ஓட்டிசமுடைய வளர்ந்தோரிடம் சோர்வும் பதற்றமும் மிகுந்து காணப்படுதலை ஆய்வுகள் காட்டியுள்ளன. வேர் அறியப்படாதவழி, அவனது மௌனம் வேறொரு கடிய மனநோயின் குறியாகவும் பிழைபடக் கொள்ளப்படலாம்.

இவ்வேறுபாட்டைத் துணிதற்குப் பிள்ளைப்பருவ வரலாறு இன்றியமையாதது. பெற்றோரின் நினைவும், ஆசிரியர் எழுதிய பழைய தேர்ச்சி அறிக்கைகளும் வைத்தியர்க்குப் பெருந்துணையாவன. பேசத் தடுமாறுவோன் தன் இடர்களை முன்னரே எழுதிக் கொண்டு செல்லலாம். உறவினரும் அவன் கருத்தைக் கேட்டறிந்த பின்னரே அவன் சார்பிற் பேசுதல் முறை.

உண்மை அறியப்பட்டமையால் அவன் இயல்பு மாறிவிடாது. ஆயின், தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் நிலை தணியும். சிகிச்சையும் அவனுக்கேற்ப அமையும். நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுவோனையும் மருத்துவத்தின் ஒரு கூறாக வள்ளுவர் எண்ணினார். அவ்விடத்தில் நிற்கவேண்டியோர் வீட்டாரும் ஆசிரியருமே.