முதல் ஊசி பொம்மைக்கு

"பிள்ளை இவ்வளவு நோயுற்றுப் படுத்திருக்கும்போது விளையாட்டு எதற்கு?" என்று குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. அக்கேள்வியில் சினம் இல்லை; களைப்புதான் இருக்கிறது. பல இரவுகள் உறங்காமல், இரத்தப் பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருந்து, ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை எண்ணிக் கலங்கும் தாய் தந்தையருக்கு, வண்ணப் பென்சில்களோடு வந்து நிற்பவரைக் கண்டால் வியப்பு எழுவது இயல்பே. அவர்களுக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம். விளையாட்டு என்பது சிகிச்சை முடிந்தபின் கொடுக்கும் மிட்டாய் அன்று. குழந்தை தனக்கு நேர்வதைப் புரிந்துகொள்வதும், தன் மனத்திலுள்ளதை நமக்குத் தெரிவிப்பதும் பெரும்பாலும் விளையாட்டின் வழியேதான்.

குழந்தை இழப்பது என்ன?

மருத்துவமனைக்கு வந்தவுடன் எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எந்தக் கையை நீட்டுவது என்பவற்றையெல்லாம் குழந்தைக்காகப் பிறரே முடிவு செய்கின்றனர். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வாழ்ந்த வாழ்நாளில் ஏறத்தாழப் பாதி. அத்தனை காலமும் பிறர் சொற்படி படுத்திருப்பது மட்டுமே தன் வேலை என்றால் எந்தக் குழந்தையும் மனம் சோர்ந்துபோகும். விளையாட்டில் நிலைமை வேறு. பொம்மைக்குப் பெயர் சூட்டுவதும், வானத்துக்குப் பச்சை தீட்டுவதும், 'போதும்' என்று நிறுத்துவதும் அதன் விருப்பம்.

மற்றொன்றும் உண்டு. சிறு குழந்தைகள் நோயைத் தண்டனை என்று எண்ணக்கூடும். "சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் என்றோ சொன்ன சொல், குழந்தையின் உள்ளத்தில் தங்கிவிடுகிறது.

எங்கள் வார்டுக்கு வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முதல் வாரம் முழுவதும் எவரிடமும் பேசவில்லை. ஒரு மாலை, துணிப் பொம்மையை மடியில் கிடத்தி அதற்கு ஊசி போட்டுக்கொண்டே, "இனிமே தம்பியை அடிக்க மாட்டேன்னு சொல்லு. சொன்னா ஊசி போட மாட்டாங்க" என்றாள். அருகில் அமர்ந்திருந்த தாய் திகைத்துப்போனார். சற்று நேரம் கழித்து மகளை அணைத்துக்கொண்டு, "தம்பியை அடிச்சதுக்கெல்லாம் நோய் வராதும்மா. நீ ஒண்ணும் தப்பு பண்ணலை" என்று சொன்னார். நாங்கள் எத்தனை முறை கேட்டிருந்தாலும் அச்சிறுமி அதை நேரே கூறியிருக்கமாட்டாள். பொம்மையிடம் கூற முடிந்தது.

இவ்வழக்கம் வந்த வரலாறு

ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவமனைகளிலும் பெற்றோர் குழந்தையின் அருகில் தங்க அனுமதி இல்லை. குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுச் செல்லவேண்டும். தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றின் துயரத்தை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஆவணப்படமாக எடுத்துக் காட்டினார். 1959இல் பிரித்தானியாவில் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் குழந்தையைக் காண வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழந்தைகளின் விளையாட்டையும் கல்வியையும் வலியுறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1955இல், வியன்னாவில் பயின்ற ஆசிரியையான எம்மா பிளாங்க், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைகளுக்கான விளையாட்டு, கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. நோயுற்ற குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை என்று அதில் எங்கும் கூறப்படவில்லை.

ஊசிக்கு முன்னும் ஊசியின்போதும்

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுப்பதும், அவ்வழியே மருந்து செலுத்துவதும் பலமுறை நிகழும். அதற்கு முன்பு பொம்மையை வைத்து அக்காட்சியை நடத்திக் காட்டுகிறோம். பூனைக்குட்டி போல் முதுகை வளைத்துப் பொம்மை படுத்துக்கொள்ளும். குளிர்ந்த மருந்தால் அதன் முதுகைத் துடைப்போம். ஊசி முனை இல்லாத புதிய சிரிஞ்சைக் குழந்தையின் கையில் கொடுப்போம். எது முதலில், எது அடுத்து என்பது தெரிந்துவிட்டால் அச்சத்தின் பெரும்பகுதி நீங்குகிறது.

இங்கே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "ஊசியே கிடையாது, சும்மா பார்க்கத்தான் போகிறோம்" என்று கூறி அழைத்துவராதீர்கள். அன்றைக்கு வேலை எளிதாக முடியும். மறுமுறை உங்கள் சொல்லைக் குழந்தை நம்பாது. நெடுநாள் சிகிச்சையில் அந்நம்பிக்கை பெரிதும் தேவைப்படும். "கொஞ்சம் வலிக்கும். நான் பக்கத்திலேயே இருப்பேன். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்பதே போதும். எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரத்தம் எடுப்பது போன்ற சிறு ஊசிகளின்போது, குழந்தையைப் படுக்கையில் அழுத்திப் பிடிப்பதைவிட மடியில் அமர்த்தி அணைத்துக்கொள்வது நல்லது. சோப்பு நீர்க் குமிழி ஊதச் சொன்னால் மூச்சு சீராக நீண்டு வரும். தசைகளின் இறுக்கமும் தளரும். விடுகதை போடலாம், கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் நரி என்ன செய்தது?" என்று கேட்கலாம். இவ்வாறு கவனத்தைத் திருப்புவது, ஊசியின்போது குழந்தை உணரும் வலியையும் அச்சத்தையும் குறைக்க உதவும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் விளையாட்டு வலிமருந்துக்கு மாற்று அன்று. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு தேவையா என்று செவிலியரைக் கேளுங்கள். அது வேலை செய்யச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் முன்கூட்டியே கேட்பது நலம்.

படம் வரையும்போது

குழந்தை வரைந்த படத்தைக் கண்டு உடனே பொருள் கூற முற்படவேண்டா. கறுப்பு வண்ணம் தீட்டியதால் துயரம் என்று கொள்வதற்கில்லை. கையருகே அப்பென்சில் மட்டும் இருந்திருக்கலாம். "இது என்ன?" என்பதற்குப் பதிலாக, "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லேன்" என்று கேளுங்கள். குழந்தை கூறினால் கேளுங்கள்; கூறாவிட்டால் விட்டுவிடுங்கள். அழகாக இருக்கிறதா, கோடு நேராக வந்ததா என்பது இங்கே முக்கியம் அன்று.

நாம் வழக்கமாக ஆடும் ஆட்டங்களே போதும். புள்ளி வைத்துக் கோலம் வரையும் தாள், பல்லாங்குழி, தாயம், காகிதக் கப்பல், சுவரில் கைநிழலால் மான் காட்டுவது ஆகியவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. பதின்ம வயதினருக்குப் பொம்மை ஏற்காது. அவர்கள் இசை கேட்க, நாட்குறிப்பு எழுத, நண்பர்களோடு பேச விரும்பலாம், தனிமையையும் விரும்பலாம். அதையும் மதிப்போம்.

சோர்வு மிகுந்த நாள்களில் குழந்தை விளையாட மறுக்கும். வற்புறுத்தவேண்டா. நீங்கள் அருகில் அமர்ந்து வரையுங்கள். எந்த வண்ணம் என்பதைக் குழந்தை கண்ணால் காட்டட்டும். பார்த்துக்கொண்டிருப்பதும் விளையாட்டில் பங்கேற்பதுதான்.

கவனிக்கவேண்டியவை

• வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் தொற்று எளிதில் வரும். கழுவித் துடைக்கக்கூடிய பொருள்களையே கொடுங்கள். மண், பலர் கைபட்ட களிமண், துவைக்க இயலாத பொம்மை ஆகியவை வேண்டா. விளையாடும் முன்னும் பின்னும் குழந்தையும் நீங்களும் கை கழுவுங்கள்.

• இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் கத்தரிக்கோல் போன்ற கூரிய பொருள்களைத் தவிர்த்து, தாளைக் கையால் கிழித்து ஒட்டச் சொல்லுங்கள்.

• குழந்தை எழுதும் கை எது என்பதைச் செவிலியரிடம் கூறுங்கள். இயன்றவரை மற்றக் கையில் டிரிப்ஸ் ஏற்ற முயல்வோம்.

• மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அருகில் இருந்தால் சோழி, மணி போன்ற சிறு பொருள்கள் வேண்டா. விழுங்கினால் மூச்சு அடைக்கும்.

• உடன்பிறந்தவர்களை மறவாதீர்கள். அவர்கள் வரைந்து அனுப்பும் படத்தைக் கட்டிலருகே வைக்க இடம் தருகிறோம்.

மருந்தால் இயலாதபோது

எல்லாக் குழந்தைகளையும் எங்களால் குணப்படுத்த இயலுவதில்லை. அந்நிலையில், "இனி எதற்கு இவையெல்லாம்?" என்று பெற்றோர் கேட்கும்போது எங்களுக்கும் தொண்டை அடைக்கிறது. ஆயினும் குழந்தை அன்றும் குழந்தைதான். அதற்கு இன்றைய பொழுது இருக்கிறது. பிடித்த கதை இருக்கிறது. தன் கைத்தடத்தை எந்த வண்ணத்தில் பதிப்பது என்று முடிவு செய்யும் விருப்பம் இருக்கிறது. வலியை அடக்கும் மருந்தை மருத்துவர் கவனிக்கும் அதே நேரத்தில், அப்பொழுதைக் குழந்தைக்கு உரியதாக்கித் தருவது நம் அனைவரின் கடமை. அந்நாள்களில் பேசுவதற்குத் துணை வேண்டுமெனில் எங்களை அழையுங்கள், இரவானாலும் தயங்கவேண்டா.

முன்னர்க் குறிப்பிட்ட சிறுமி இப்போதும் சிகிச்சையில் இருக்கிறாள். ஊசி போடும் அறைக்குள் பொம்மையில்லாமல் வருவதில்லை. முதல் ஊசி பொம்மைக்கு என்பது அவள் வகுத்த விதி, நாங்கள் மீறுவதில்லை. சென்ற முறை பொம்மையின் காதருகே குனிந்து, "கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணு. நீ தப்பு ஒண்ணும் பண்ணலை" என்று சொன்னாள். பிறகு தன் கையை நீட்டினாள்.