கால் கற்கிறது, காது காத்திருக்கிறது

பால்ரூம் பயிற்சிக்கூடங்களில் லத்தீன் ஆடல்கள் என்ற தலைப்பின்கீழ் வரும் சா-சா-சா, சாம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகிய ஐந்தனுள், கியூபாவில் பிறந்து லண்டனில் பாடத்திட்டமாக வார்க்கப்பட்ட சா-சா-சாவும் ரும்பாவுமே புதிதாகச் சேர்வோரைப் பெரிதும் ஈர்க்கின்றன. அவற்றைக் கற்கத் தொடங்குவோர் தடுமாறுவது பெரும்பாலும் காதினால்தான் என்றாலும், பழி என்னவோ காலின்மேல் விழுகிறது.

சா-சா-சா எளியோருக்காகவே உருவான ஆடலாகும். 1950களின் தொடக்கத்தில் ஹவானாவின் நடனக்கூடங்களில், தட்டுக்குத் தட்டு அழுத்தம் இடம்மாறும் மாம்போ வகை இசைக்குப் பலரால் ஆட இயலாததைக் கவனித்த வயலின் கலைஞர் ஒருவர், மெட்டின் அழுத்தங்கள் நேரான தட்டுகளில் விழுமாறு எளிமைப்படுத்தினார். ஆடியவர்களின் பாதங்கள் தரையில் உரசிய ஒலியே ஆடலுக்குப் பெயராயிற்று என்பர். கீறல்கள் வெட்டிய சுரைக்குடுவையைக் குச்சியால் தேய்த்து ஒலியெழுப்பும் குயிரோ என்னும் கருவி, நீண்ட இழுப்பு ஒன்றும் குறுகிய இழுப்பு இரண்டுமாக இவ்விசை நெடுகிலும் ஒலிப்பதால், கேட்கத் தெரிந்தவருக்கு வழிகாட்ட வேறு குரல் தேவைப்படுவதில்லை.

ரும்பாவின் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1947இல் லண்டனிலிருந்து கியூபா சென்ற நடன ஆசிரியர்கள், நான்கு தட்டுகள் கொண்ட இசைச் சுற்றில் உள்ளூர்க்காரர்கள் இரண்டாம் தட்டில் திசைமாறி அடிவைப்பதைக் கண்டு அம்முறையை ஊருக்குக் கொண்டுவந்தனர். அதுவரை சதுர வடிவில் ஆடிவந்தவர்களோடு அதன்பொருட்டு எழுந்த பூசல் 1950களின் நடுப்பகுதி வரை ஓயவில்லை. (யுனெஸ்கோ 2016இல் மரபுச் செல்வமாக ஏற்ற கியூப நாட்டார் ரும்பா இதனின்றும் வேறுபட்ட கலை.) இம்முறையில் இரண்டிலும் மூன்றிலும் ஒவ்வோர் அடி வைக்கப்பட, நான்கில் வைத்த அடி அடுத்த சுற்றின் ஒன்றாம் தட்டு வரை நீள்கிறது. காதுக்கு ‘இதோ தொடக்கம்’ என்று தோன்றும் அந்த ஒன்றாம் தட்டில் பாதம் நகர்வதில்லை. உடல் எடை முழுமையாக அமர, இடுப்பு மட்டும் அடங்குகிறது.

அந்த இடுப்பசைவையும் கண்ணாடி முன் நின்று தனியே ஆட்டிக் கற்க முடியாது. முன்பாதம் தரையை உரசிச் சென்று அமர்ந்து, முழங்கால் நிமிர்ந்து, குதிகால் இறங்கி, எடை முழுவதும் அக்காலுக்கு மாறிய பிறகே இடுப்பு தானாகப் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. போட்டி ரும்பாவே நிமிடத்துக்கு 25 முதல் 27 சுற்றுகள் என்ற மெதுவான வேகத்தில் ஓடுவதால், இவ்வளவுக்கும் நேரம் இருக்கவே செய்கிறது.

ஆனால் வகுப்புகளில் நடப்பது வேறு. ஆசிரியர் ‘டூ, த்ரீ, ஃபோர்-ஒன்’ என்று இசைக்கு மேலே குரல் கொடுத்துக்கொண்டே இருக்க, மாணவர் இசையை விட்டுவிட்டு அக்குரலுக்கு ஆடப் பழகுகிறார். சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு அசைவுத் தொடர்களைப் பெயர் பெயராக ஒப்பிக்கக் கூடியவரும், எண்ணும் குரல் நின்றதும், பாட்டில் தொடங்குமிடம் தெரியாமல் துணையின் முகத்தைப் பார்த்து நிற்கிறார். வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிப்படியாக ஏறும் தேர்வு முறையில், அடுத்த படிக்கான அசைவுகளைச் சேர்க்கும் அவசரம் இக்குறையை எளிதில் மூடிவிடுகிறது. தாள உணர்வு இயல்பாக அமையாதோருக்கு எண்ணிக்கையே முதல் ஊன்றுகோல் என்று ஆசிரியர்கள் வாதிடுவதில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த ஊன்றுகோலை எந்த வாரத்தில் பிடுங்குவது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

முதல் வகுப்பில் காலே அசைக்காமல், நாற்காலியில் அமர்ந்து, குயிரோவையும் இரண்டாம் தட்டையும் மட்டும் கைதட்டிக் கண்டுபிடிக்கச் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். மாணவரை உட்காரவைத்துக் கட்டணம் வாங்கும் துணிச்சல்தான் பயிற்சிக்கூடங்களில் அரிதாக இருக்கிறது.