பனிக்குக் காத்திருந்த கொடி

அம்மிச்சி அவரைக்கென்று பந்தல் போட்டதே இல்லை. ஆடி மழைக்கு மண் நனைந்ததும், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடிச் சேரும் இடமாகப் பார்த்துக் கிளுவை வேலியோரம் நாலு விதை ஊன்றும். புரட்டாசிக்குள் வேலியே தெரியாது. ஆனால் ஐப்பசியிலும் வெறும் இலைதான். "பூவே காணோமே அம்மிச்சி?" என்று கேட்டால், "பனி இறங்கோணும் கண்ணு" என்று சொல்லும்.

பனியைவிட, இரவு நீள்வதுதான் கணக்கு. கோவைப் பக்கம் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். நாட்டு அவரைக் கொடிக்கு அது போதும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் பூப்பது ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். பொங்கல் கூட்டில் அவரைக்காய் இடம்பிடித்ததற்குக்கூடச் சாஸ்திரம் தேட வேண்டாம், தை பிறக்கும்போது வேலியில் அதுதான் தொங்கியது என்பது என் எண்ணம்.

இன்று என் மொட்டைமாடிப் பைகளில் இருப்பது குத்து அவரை. கொழுகொம்பு கேட்காது, மாதமும் பார்க்காது. சித்திரையில் போட்டாலும் இரண்டு மாதத்தில் காய். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 'கோ' என்ற பெயரில் தந்த அவரைகளில் இப்படிப்பட்ட குத்து ரகங்கள் உண்டு. வேலியே இல்லாத வீட்டுக்காரனுக்கு இது வரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழெட்டுப் பறிப்பில் செடி ஓய்ந்துவிடுகிறது. அம்மிச்சியின் கொடி மாசி வரைக்கும் காய்த்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் முறத்தில் போகும்.

அசுவினி மட்டும் அன்றும் இன்றும் அதேதான். நுனிக்கொழுந்தில் கறுப்பாய் அப்பியிருக்கும். விடிகாலை ஈரத்தில் அம்மிச்சி அடுப்புச் சாம்பலைத் தூவும். என் வீட்டு அடுப்பில் ஏது சாம்பல்? வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து அடிக்கிறேன்.

அடிக்கொத்தில் திரட்சியான காய்களாகப் பார்த்து அம்மிச்சி பழஞ்சேலைக் கிழிசலைக் கட்டிவிடும். கட்டிய காயை யாரும் தொடக்கூடாது. கொடியிலேயே காய்ந்து சலசலத்த பிறகு உடைத்தால் கன்னங்கரிய விதை, விளிம்பில் வெள்ளைக் கோடு. சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு, வாயைத் துணியால் அடைத்து விட்டத்தில் தொங்கவிடும். கிளுவை போய்க் கம்பி வேலி வந்த வருஷம், அந்தக் குடுக்கை எங்கே போனதென்று ஒருவரும் தேடவில்லை.

விதைத் திருவிழா ஒன்றில் வாங்கிய பத்து நாட்டு விதையை ஆசை தாங்காமல் பங்குனியிலேயே ஊன்றி, ஏழு மாதம் இலைக்குத் தண்ணீர் ஊற்றிய புத்திசாலி நான்.

குத்து அவரையில் விதை எடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் பாக்கெட்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பது. வீரிய ஒட்டாக இல்லாதவரை விதை தாய்ச்செடி போலவே வரும். கொஞ்சம் காயைப் பறிக்காமல் விட மனசு வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை நானும் மூன்று காயில் சிவப்பு நூல் கட்டினேன். மறுவாரம் போய்ப் பார்த்தால் நூல் மட்டும் காம்பில் ஆடிக்கொண்டிருந்தது. காய் மூன்றும் முந்தின நாள் பொரியலில் போயிருந்தன.