நகரும் கரை

மேட்டூருக்கு ஒரு நாள் போய்வருவது என்றால் சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதன் வரிசை மனப்பாடம். அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல், காவிரியில் ஒரு முழுக்கு, பூங்காவில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், கிளம்பும் முன் மிளகாய் மசாலா தடவிப் பொரித்த அணை மீன். இத்தனையும் நடப்பது அணைச் சுவருக்குக் கீழே. சுவருக்கு அந்தப் பக்கம், நிறைந்த காலத்தில் 59.25 சதுர மைல் பரந்து கிடக்கும் தண்ணீரைச் சற்று எட்டிப் பார்ப்பதோடு சரி. வைகை, சாத்தனூர், கிருஷ்ணகிரி என்று எந்த அணைக்குப் போனாலும் பூங்காதான் பொழுதுபோக்கு, நீர்த்தேக்கம் அதற்குப் பின்னணிப் படம். ஆனால் தண்ணீர் மனிதரை இழுக்காமல் விடுவதில்லை. ஒற்றையடிப் பாதை பிடித்துக் கரைக்குப் போகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் படித்துறையும் இல்லை, ஆழம் காட்டும் குறியும் இல்லை. நீர்த்தேக்கக் கரையைத் தேர்ந்த சில இடங்களில் முறையாக மக்களுக்குத் திறந்துவிடுவதே நல்லது என்பது என் வாதம். ஒரே ஒரு நிபந்தனை: அதை ஏரி என்று நினைத்துத் திறக்கக் கூடாது.

கொடைக்கானல் ஏரியும் மனிதர் வெட்டியதுதான், 1863-ல். ஆனால் அது அழகுக்காகத் தேக்கிய நீர். அதன் மட்டம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை, படகுத்துறை கட்டினால் கட்டிய இடத்திலேயே பயன்படும். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் பிழைப்பே வேறு. 120 அடி வரை 93.47 டி.எம்.சி. தேக்கி, வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாவுக்குக் கொடுத்துவிட்டு வற்றுவது அதன் வேலை. 2024-ஐ எடுத்துக்கொள்வோம். ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த நீர்மட்டம், அதே மாதம் 30-ம் தேதி 120 அடியைத் தொட்டது. அணை வரலாற்றில் 43-வது முறை. ஒரு மாதத்துக்குள் 80 அடி ஏற்றம்! 50 அடி நடந்தால் ஓரடி இறங்குகிற சரிவான நிலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கரை 4,000 அடி நகர்ந்திருக்கும். ஒரு கிலோமீட்டருக்கும் மேல். இந்தக் கரையில் சிமென்ட் படகுத்துறை கட்டினால் பாதி வருடம் அது மேய்ச்சல் காட்டின் நடுவே நிற்கும், மீதி வருடம் தண்ணீருக்குள் கிடக்கும். மிதவைத் துறையும், மட்டத்தோடு ஏறி இறங்கும் எல்லைக் கயிறுமே இங்கே செல்லும்.

அடிநிலமும் ஏரியின் அடிநிலம் அல்ல, முழுகிய ஊர். நீர் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் முதலில் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும், பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. அதைப் பார்க்கப் பரிசலேறிப் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: கோபுரமும் நந்தியும் உள்ளே இருந்தால் கிணறும் வரப்பும் அடிமரமும் உள்ளேதான் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நடப்பவருக்கு அடுத்த அடி எங்கே இறங்கும் என்று தெரியாது. நீந்தத் தெரியும் என்பது இங்கே அரைத் தைரியம்தான். வற்றிய கரையிலும் ஏமாற்றம் உண்டு. வண்டல் மேலே ஓடாக வெடித்து, நன்றாகக் காய்ந்ததுபோல் கிடக்கும்; நீரோரத்தில் அதன் மேல் கால் வைத்தால் ஓடு உடைந்து, கீழே இருக்கும் சேறு முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும். நீர் இறங்கிய நிலத்தில் சோளமும் கேழ்வரகும் போடுகிற உழவர்களுக்கு எது தரை, எது சேறு என்பது தெரியும். வெளியூர்க்காரருக்கு அதைச் சொல்ல ஒரு பலகையாவது வேண்டும்.

சுவருக்குக் கீழே இருப்பவர் பத்திரம் என்றும் எண்ண முடியாது. 2024-ல் ஆடிப்பெருக்கு வந்தது அணை நிரம்பிய நான்காம் நாள். வெளியேற்றம் விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டியிருந்தது. ஒரு கன அடி என்பது 28 லிட்டர். விநாடிக்கு 28 லட்சம் லிட்டருக்கு மேல் பாயும் ஆற்றில் படிக்கட்டு ஓரம் நின்று செல்ஃபி எடுப்பது என்ன காரியம்? கூட்டம் திரளும் நாளும் ஆறு பெருகும் நாளும் ஒன்றாக வருவது தற்செயல் அல்ல. புதுப்புனலை வரவேற்கத்தான் அந்தப் பண்டிகையே பிறந்தது.

இவ்வளவு ஆபத்து என்றால் கரையை மூடிவிடலாமே என்பார்கள். சுவரையும் மதகையும் ஒட்டிய பகுதிக்கு அது சரி. அங்கே காவலும் தடையும் இருந்தே ஆக வேண்டும். ஆனால் 59 சதுர மைல் நீர்ப்பரப்பைச் சுற்றி யார் வேலி போடுவது? ‘குளிக்கத் தடை’ என்று எழுதிய பலகை ஆளை நிறுத்துவதில்லை. ஆள் பார்க்காத இடத்துக்கு அவரைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். திறந்துவிட்டாலே விபத்துதான் என்பதற்குத் தேக்கடியை எடுத்துக்காட்டுவார்கள். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் தேக்கிய அந்த நீரில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே கொன்றது படகுச் சவாரி அல்ல, ஒழுங்கில்லாத படகுச் சவாரி. அளவுக்கு மீறிய ஆட்கள், உடலில் உயிர்காப்பு அங்கி இல்லை, கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் பிறகும் தேக்கடியில் படகுகள் ஓடுகின்றன, இப்போது பயணிகள் அங்கி மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். 45 உயிர் போன பிறகு வந்த அந்த ஒழுங்கை மற்ற அணைகள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு: இது பல ஊர்கள் குடிக்கிற தண்ணீர், மீனவர்களின் பிழைப்பு. இரண்டும் உண்மை, எந்த வகைப் பொழுதுபோக்கு என்பதை இவைதான் தீர்மானிக்க வேண்டும். டீசல் படகும் நீர்மேல் ஸ்கூட்டரும் வேண்டாம். எண்ணெய்ப் படலம் குடிநீருக்குக் கேடு, படகின் சுழல்விசிறி மீன்வலையை அறுக்கும். அந்த நீருக்கு ஏற்ற வாகனம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மூங்கில் பின்னலில் வட்டமாகக் கட்டிய பரிசலுக்குத் தட்டையான அடி என்பதால் ஆழமில்லாத இடத்திலும் மிதக்கும், துறை இல்லாத கரையிலும் ஒதுங்கும். நகரும் கரைக்கு அதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. அணையில் மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர்களுக்கே பரிசல் சவாரி உரிமமும் கொடுத்து, ஆள் கணக்கையும் அங்கியையும் கட்டாயமாக்கினால் வருமானம் அவர்களுக்கு, அடிநிலம் அறிந்தவர் கையில் துடுப்பு. பாட்டிலும் பிளாஸ்டிக்கும் நுழைவிலேயே நிறுத்தப்பட வேண்டும். மது குடித்தவருக்குச் சவாரி இல்லை என்பதில் விட்டுக்கொடுப்பு கூடாது.

இதையெல்லாம் செய்யப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. மூன்று நான்கு துறைகள், நீந்தத் தெரிந்த காவலர்கள், மட்டத்துக்கு ஏற்ப மாற்றப்படும் எல்லைக் கயிறு, கழிப்பறை போதும். போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று மேட்டூர் அணையின் நான்கு எண்களை நாளிதழ்கள் தவறாமல் போடுகின்றன. டெல்டா விவசாயி காலையில் அதைப் பார்க்காமல் இருப்பதில்லை. நீர்வரத்தும் வெளியேற்றமும் ஏறிக்கொண்டிருந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். மட்டம் மிகவும் இறங்கியிருந்தால் சேற்றோரம் போகாதீர்கள், நந்தியைத் தூரத்திலிருந்து பாருங்கள். கட்டுச்சோறு கட்டுமுன் அந்த நான்கு எண்களைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.