வலியோடு வளரும் பிள்ளைகளும் பெற்றோர் கடமையும்

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, குஜராத், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் இரத்தச்சோகை மிகுதியாகக் காணப்படுகிறது. இந்தியாவில் இந்நோய்க்குரிய கூறு 1952-ஆம் ஆண்டில் நீலகிரிப் பழங்குடியினரிடையே கண்டறியப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெறும் குழந்தைக்கே இந்நோய் உண்டாகிறது.

இந்நோயில், பிராணவாயு குறையும்போது இரத்தச் சிவப்பணுக்கள் விறைத்து, வளைந்து, அரிவாளின் வடிவம் கொள்கின்றன. அவை நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் எலும்பிலும் தசையிலும் கடும் வலி தோன்றுகிறது. வெளியே காயமோ வீக்கமோ தெரியாதிருக்கலாம். ஆகவே, பிள்ளை பள்ளிக்கு அஞ்சி நடிப்பதாகப் பெற்றோரும் ஆசிரியரும் கருதிவிடுவதுண்டு. இது பெரும் பிழையாகும். தன் சொல்லை வீட்டார் நம்பவில்லை என்றறிந்த பிள்ளை, அடுத்த முறை வலியை மறைக்கும். ஆபத்து அதனால் பெருகும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அச்ச மிகுதியால் சில பெற்றோர் பிள்ளையை வீட்டிலேயே இருத்தி, நாழிகைக்கொருமுறை "வலிக்கிறதா?" என்று வினவுகின்றனர். நாட்பட்ட வலியில் அச்சமும் தனிமையும் உறக்கமின்மையும் வேதனையை மிகுவிக்கும். வலியில்லாத நாட்களில் பிள்ளை பள்ளி செல்வதும், நண்பரோடு பழகுவதும், இயன்ற வேலையைச் செய்வதும் இன்றியமையாதவை.

குமரப் பருவத்தினர் பிறர் கட்டளையை விரும்பார். எனவே, பொறுப்பைப் படிப்படியாக அவர்களிடமே ஒப்படைத்தல் நன்று. போதிய நீர் பருகுதல், குளிரையும் கடும் உழைப்பையும் தவிர்த்தல், மருத்துவர் அளித்த ஹைட்ராக்சியூரியா மருந்தை வலியில்லாத நாளிலும் தவறாது உட்கொள்ளுதல் ஆகியவற்றின் காரணத்தை விளக்கிக் கூறினால் அவர்கள் ஏற்பர். வலியுள்ள இடத்தில் இளஞ்சூட்டு ஒத்தடம் இடலாம். பனிக்கட்டி வைத்தல் கூடாது.

ஆசிரியர்கள் ஒன்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். இந்நோயாளரின் சிறுநீரகங்கள் நீரைத் தேக்கும் ஆற்றல் குன்றியவை. வகுப்பு நேரத்தில் நீர் பருகவும் வெளியே செல்லவும் பிள்ளை அனுமதி கேட்டால் மறுத்தலாகாது. விடுபட்ட பாடங்களைக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

காய்ச்சல், மார்பு வலி, மூச்சுத் திணறல், கை கால் ஒருபுறம் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2023 ஜூலை 1-ஆம் நாள் ஷாதோலில் தொடங்கப்பெற்ற தேசிய ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடி மக்களைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டது. பரிசோதனையில் நோய் வெளிப்பட்டவுடன் களப்பணியாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவ்வீட்டின் தாய் தந்தையரோடு அமர்ந்து, வலியை நம்பவும் பிள்ளையை வளரவிடவும் அவர்களுக்குத் துணைநிற்றலும் அக்கடமையின் பகுதியேயாகும்.